பசி அடங்கிய பிறகு

உடல் எடையைக் குறைக்க வாரம் ஒருமுறை போடும் ஊசிகள் வயிற்றோடு நின்றுவிடுவதில்லை. சாப்பிட்டதும் குடலில் சுரக்கும் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோன், போதும் என்ற செய்தியை மூளைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டுச் சில நிமிடங்களில் சிதைந்துவிடும். அதே ஹார்மோனின் சாயலில், ஒரு வாரம் உடலில் தங்கி வேலை செய்யும்படி உருவாக்கப்பட்ட மருந்து செமாகுளூட்டைடு. டிர்செபடைடு இன்னொரு குடல் ஹார்மோனின் வேலையையும் சேர்த்துச் செய்கிறது. இரண்டும் இரைப்பை காலியாகும் வேகத்தைக் குறைக்கின்றன. மூளையில் பசியையும், உணவு தரும் இன்பத்தையும் ஆளும் பகுதிகளையும் அவை தொடுகின்றன. நாள் முழுக்க மனதுக்குள் ஓடிக்கொண்டிருந்த சாப்பாட்டு நினைப்பு ஓய்ந்துவிட்டதாகப் பலர் சொல்வது இதனால்தான். இப்படி மூளைவரை போகிற மருந்தைத் தொடங்கும் அன்றே மனநலக் கவனிப்பையும் தொடங்க வேண்டும்.

டிர்செபடைடு 'மௌஞ்சாரோ' என்ற பெயரில் 2025 மார்ச்சிலும், எடைக்குறைப்புக்கான செமாகுளூட்டைடு 'வெகோவி' என்ற பெயரில் அதே ஆண்டு ஜூனிலும் இந்தியாவில் விற்பனைக்கு வந்தன. 2026 மார்ச்சில் செமாகுளூட்டைடின் இந்தியக் காப்புரிமைக் காலம் முடிந்து, விலை குறைந்த மாற்றுகளுக்கு வழி திறந்தது. பெருநகரங்களின் பணக்கார வீடுகளோடு நின்றிருந்த ஊசி இனி தூத்துக்குடி போன்ற மாவட்டத் தலைநகரங்களுக்கும் எட்டும். தேவையும் சிறியதல்ல. 2019-21இல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேரும் ஆண்களில் 37 சதவீதம் பேரும் அளவுக்கு மீறிய எடை உள்ளவர்கள்.

எடை மருந்து என்றாலே மருத்துவ உலகம் மனநலத்தை எச்சரிக்கையோடு பார்ப்பதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. ரிமோனபான்ட் என்ற மாத்திரை 2006இல் ஐரோப்பாவில் அனுமதி பெற்றது. இந்திய நிறுவனங்கள் சிலவும் அதைத் தயாரித்து விற்றன. பசியைத் தூண்டும் ஒரு மூளை ஏற்பியை அது அடைத்தது. அதே ஏற்பிதான் மனமகிழ்ச்சியிலும் பங்கு வகிக்கிறது. மாத்திரை எடுத்தவர்களுக்கு மனநலக் கோளாறு வரும் அபாயம் ஏறத்தாழ இரட்டிப்பாவதாகக் கண்ட ஐரோப்பிய மருந்து முகமை, 2008 அக்டோபரில் விற்பனையை நிறுத்தச் சொன்னது. அமெரிக்கா அந்த மருந்துக்கு அனுமதியே தரவில்லை. இந்தியா 2009 டிசம்பரில் தடை விதித்தது. எடை குறைந்தது உண்மை. மனச்சோர்வும், தற்கொலை எண்ணமும் கூடவே வந்ததும் உண்மை.

புதிய ஊசிகள் வேறு வழியில் வேலை செய்பவை. ஆனாலும் 2023இல் ஐஸ்லாந்திலிருந்து வந்த சில புகார்களை அடுத்து, ஐரோப்பிய முகமை இவற்றையும் ஆராய்ந்தது. தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளுதல், தற்கொலை எண்ணம் குறித்து வந்த சுமார் 150 அறிக்கைகளைப் பரிசீலித்தபின், மருந்துதான் காரணம் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று 2024 ஏப்ரலில் அறிவித்தது. அமெரிக்காவின் ஆய்வும் ஏறத்தாழ இதே முடிவுக்கு வந்தது. செமாகுளூட்டைடு குறித்த நான்கு பெரிய பரிசோதனைகளில் கலந்துகொண்ட 3,500க்கு மேற்பட்டவர்களின் தரவுகளை அலசியபோது, மருந்து எடுத்தவர்களிடம் மனச்சோர்வு கூடவில்லை.

இது பெரிய ஆறுதல். ஆனால் இந்த ஆறுதல் எல்லோருக்கும் பொருந்தாது. அண்மையில் கடும் மனச்சோர்வு இருந்தவர்களும், எப்போதாவது தற்கொலைக்கு முயன்றவர்களும் அந்தப் பரிசோதனைகளில் சேர்க்கப்படவில்லை. கிளினிக்குக்கு வருகிறவர்களுக்கு அப்படிப்பட்ட வடிகட்டல் கிடையாது. உடல் பருமனும் மனச்சோர்வும் ஒன்றையொன்று வளர்ப்பவை என்பது வேறு. 2010இல் வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி, பருமன் உள்ளவர்களுக்குப் பின்னாளில் மனச்சோர்வு வரும் வாய்ப்பு 55 சதவீதம் அதிகம்; மனச்சோர்வு உள்ளவர்களுக்குப் பருமன் வரும் வாய்ப்பு 58 சதவீதம் அதிகம். ஊசி கேட்டு வருகிற கூட்டத்தில் ஏற்கெனவே மனம் நொந்தவர்கள் கணிசமாக இருப்பார்கள் என்று எண்ணியே மருத்துவர் தொடங்க வேண்டும்.

மருந்தின் வேதியியலால் வராத மனச்சிக்கல்களும் உண்டு. நடைமுறையில் அவைதான் மிகுதி. முதலாவது, சாப்பாடு விட்டுப்போகும் வெற்றிடம். தூத்துக்குடியில் பரோட்டாக் கடைக்கு 'நைட் கிளப்' என்று பெயர். துறைமுக வேலையோ லாரி ஓட்டமோ முடிந்து வருகிறவர், கல்லிலிருந்து எடுத்துத் தட்டி உதிர்த்த பரோட்டாவில் சால்னாவை ஊற்றி ஊறவிட்டு, கூட்டாளிகளோடு ஒரு மணி நேரம் உட்காரும் இடம் அது. அன்றைய கோபம், கடன் கவலை, மேஸ்திரியிடம் வாங்கிய ஏச்சு எல்லாம் அந்த மேசையில்தான் இறங்கும். ஊசி போட்ட மூன்றாம் மாதத்தில் ஒரு பரோட்டாவுக்கே வயிறு மேலே எழும்பும். சாப்பிட முடியாதவர் போவதை நிறுத்துகிறார். பரோட்டாவோடு பேச்சும் நின்றுபோகிறது. கவலை மட்டும் போகாமல் இருக்கிறது. துயரத்தைச் சாப்பாட்டில் ஆற்றிப் பழகியவருக்கு வேறு ஆறுதல் அமைவதற்கு முன்பே பழைய ஆறுதலைப் பிடுங்கிவிட்டால் எரிச்சலும் வெறுமையும் வரும். வாழ்க்கையில் ருசியே போய்விட்டது என்று ஒருவர் சொன்னால், அது நாக்கைப் பற்றியதா, மனதைப் பற்றியதா என்று கேட்டு அறிய வேண்டும்.

வீட்டுக்குள் இது இன்னும் கூர்மையாகிறது. தூத்துக்குடிப் பனிமய மாதா பேராலயத் திருவிழா ஜூலை 26ஆம் தேதி கொடியேற்றத்தில் தொடங்கி ஆகஸ்ட் 5 வரை நடக்கும். வெளியூரில் இருக்கும் மக்கள் ஊர் திரும்புவார்கள். மீன் குழம்பும் பிரியாணியும் மக்ரூனும் இல்லாமல் உறவாடல் இல்லை. விருந்தில் வேண்டாம் என்று கைகாட்டுவது, சமைத்தவளை வேண்டாம் என்பதாகவே எடுத்துக்கொள்ளப்படும். ஆறு கிலோ குறைந்து வந்தவரிடம் அத்தையோ மதினியோ கேட்கும் முதல் கேள்வியும் பாராட்டாக இருக்காது: "என்ன மக்கா இப்படி வத்திப்போய்ட்ட, சுகர் வந்துட்டா?" மெலிவை நோயின் அடையாளமாகப் பார்த்துப் பழகிய ஊர்களில், நேற்றுவரை குண்டு என்று கேலி செய்த அதே வாய், இன்று முகத்தில் களை இல்லை என்கிறது. வேகமாக எடை குறையும்போது கன்னம் ஒட்டுவதும் தோல் தளர்வதும் இயல்பு. அது தெரியாதவர், எடை இருந்தாலும் குற்றம், குறைந்தாலும் குற்றம் என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்.

இந்தப் பேச்சுக்குப் பயந்து பலர் ஊசியை மறைக்கிறார்கள். புதிய ஊசிப் பேனாவை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும். கூட்டுக் குடும்பத்தில் ஃபிரிட்ஜ் எல்லோருக்கும் பொது. முட்டைத் தட்டுக்குப் பின்னால், மல்லித்தழைப் பைக்குள் பேனாவை ஒளித்து வைப்பவர், குமட்டல் வந்தாலும் சொல்ல முடியாது. மனம் சோர்ந்தாலும் சொல்ல முடியாது. மருத்துவர் முதல் நாளே கேட்க வேண்டியது, இதை வீட்டில் யாருக்குச் சொல்லியிருக்கிறீர்கள் என்பதைத்தான். எல்லோருக்கும் சொல்லத் தேவையில்லை. நம்பிக்கையான ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

உடல் தளர்ச்சியும் மனச்சோர்வும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். உப்பளத்தில் விடியுமுன் இறங்கி, வெயில் ஏற ஏற உப்பு வாருகிறவருக்குச் சாதாரண நாளிலேயே நீர் போதாது. குமட்டலும் வாந்தியும் சேர்ந்து, உணவும் குறைந்தால், தலைசுற்றலும் அசதியும் எதிலும் நாட்டமின்மையும் வரும். சர்க்கரைக்கு நீண்ட நாள் மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கு பி12 சத்து குறைந்து அதுவும் மனச்சோர்வு போலத் தோன்றலாம். ஆகவே சோர்வு என்று வருகிறவருக்கு ரத்த அழுத்தம், உப்புச்சத்து, பி12, தைராய்டு பார்ப்பது முதல் வேலை. இதன் மறுபக்கத் தவறு கூடுதல் ஆபத்தானது. ஊசி போட்டால் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லி, உண்மையான மனச்சோர்வை வாரக்கணக்கில் தள்ளிப்போடக் கூடாது.

மனம் மிகவும் ஒடியும் கட்டம், எடை குறையும்போது வருவதில்லை, மருந்து நின்றபிறகு வருகிறது. 2021இல் வெளியான முக்கியப் பரிசோதனையில் செமாகுளூட்டைடு எடுத்தவர்கள் 68 வாரங்களில் சராசரியாக 14.9 சதவீதம் எடை இழந்தார்கள். மருந்தை நிறுத்தி ஓராண்டு ஆனபோது, இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. இது ஒழுக்கக் குறைவு அல்ல. பசியை அடக்கிவைத்த மருந்து விலகியதும் உடல் பழைய எடையைத் தேடிப் போகிறது. ஆனால் நிறுத்தியவர் தன்னைத்தான் நொந்துகொள்வார். நிறுத்துவதற்குப் பெரும்பாலும் பணம்தான் காரணமாக இருக்கும் என்பது கொடுமை. அறிமுகமானபோது மௌஞ்சாரோவின் ஒரு வார ஊசி 3,500 ரூபாய். அடுத்த அளவு 4,375 ரூபாய். மாதம் 14,000 ரூபாய்க்குக் குறையாமல் செலவழித்து, ஆறாம் மாதம் கைவிட்டு, எட்டாம் மாதம் பழைய சட்டைக்குத் திரும்புகிறவரின் அவமானத்தை எந்தத் தராசும் காட்டாது. எத்தனை மாதத்துக்குப் பணம் இருக்கிறது, நிறுத்த நேர்ந்தால் என்ன செய்வது என்ற பேச்சு முதல் ஊசிக்கு முன்பே நடந்தாக வேண்டும்.

இரைப்பையைச் சிறிதாக்கும் அறுவைச் சிகிச்சைக்கு முன் மனநல மதிப்பீடு செய்வது பல மருத்துவமனைகளில் வழக்கமாகிவிட்டது. ஊசிக்கு அந்த வழக்கம் இன்னும் வேர்பிடிக்கவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2025 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல், இம்மருந்துகளோடு உணவு, உடற்பயிற்சி, நடத்தை மாற்றத்துக்கான தீவிர ஆலோசனையையும் சேர்த்துத் தரலாம் என்கிறது. அதோடு மனநல மதிப்பீட்டையும் சேர்க்க நம் ஊரில் பெரிய ஏற்பாடு தேவைப்படாது. ஒன்பது கேள்விகள் கொண்ட பிஎச்க்யூ-9 என்ற படிவம் தமிழிலும் இருக்கிறது. கடந்த இரு வாரங்களில் எதிலும் ஆர்வம் இல்லாமல் இருந்ததா, தூக்கம் கெட்டதா, தன்னைத் தாழ்வாக நினைத்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் போய், ஒன்பதாவதாக, செத்துப்போனால் நல்லது என்று தோன்றியதா என்பதில் முடியும். செவிலியரே ஐந்து நிமிடத்தில் கேட்டு முடிக்கலாம். பசி பற்றிய கேள்வியும், களைப்பு பற்றிய கேள்வியும் அதில் இருப்பதால், ஊசி போடுகிறவரின் மதிப்பெண் மருந்தினாலேயே ஏறக்கூடும். கூட்டுத்தொகையை மட்டும் பார்க்காமல், ஒவ்வொரு பதிலையும் பார்க்க வேண்டும். ஊசியின் அளவு நான்கு வாரங்களுக்கு ஒருமுறைதான் படிப்படியாகக் கூட்டப்படுகிறது. அந்த ஒவ்வொரு படியிலும் எடை பார்க்கும்போதே இதையும் கேட்டுவிடலாம்.

சிலருக்குக் கூடுதல் கவனம் வேண்டும். மனநோய்க்கு ஓலன்சபின் போன்ற மருந்து எடுத்து, அதனாலேயே எடை கூடியவர்கள், எடைக்காக அந்த மருந்தைத் தாமாக நிறுத்தவே கூடாது. மனநல மருத்துவரும், எடைக்கு மருந்து தருபவரும் பேசிக்கொண்டு முடிவெடுக்க வேண்டும். கட்டுப்பாடு இல்லாமல் ஒரே அமர்வில் தின்று தீர்க்கும் கோளாறோ, சாப்பிட்டதை வாந்தி எடுக்கும் பழக்கமோ இருந்தவர்களுக்கு, பசியின்மையே பட்டினிக்குச் சாக்காகிவிடும். கல்யாணத்துக்கு இன்னும் மூன்று மாதம் என்று, இயல்பான எடையோடு ஊசி கேட்டு வரும் பெண்ணுக்கு ஊசி தரக் கூடாது. அவளை அந்த அவசரத்துக்குத் தள்ளியது யார் என்று பேச ஆள் வேண்டும்.

தூத்துக்குடியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவும், மாவட்ட மனநலத் திட்டமும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் ஊழியர்கள், சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரைகளோடு வீட்டு வாசலுக்கே வருகிறார்கள். உறக்கம் எப்படி, மனம் எப்படி என்று கேட்க அவர்களைவிட நெருக்கமான ஆள் கிடையாது. வெளியே போகத் தயங்குகிறவர்கள் 'டெலி மானஸ்' எண்ணான 14416ஐ எந்நேரமும் அழைத்துத் தமிழிலேயே பேசலாம். பேசக் கட்டணம் இல்லை.

சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால், அடுத்த ஊசியைப் போடாமல் அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். வீட்டில் இருப்பவர்கள் அவரைத் தனியே விடக் கூடாது. மாத்திரைகளையும் பூச்சிமருந்தையும் அப்புறப்படுத்த வேண்டும். வெளியே சொன்னால் போலீஸ் கேஸ் ஆகுமோ என்ற அச்சம் கிராமங்களில் இன்னும் இருக்கிறது. எண்ணம் வருவது குற்றமே அல்ல. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவரையும் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருதி, சிகிச்சை தரச் சொல்கிறது. அவருக்குத் தண்டனை இல்லை. செமாகுளூட்டைடு உடலைவிட்டு முழுதாக வெளியேற ஐந்து வாரங்களுக்கு மேல் ஆகும். ஆகவே ஊசி நின்ற பின்னும் மாதாமாதம் அவரை அழைத்துப் பார்ப்பதைத் தொடர வேண்டும். எடை திரும்பத் தொடங்கும் மாதங்கள் அதற்குப் பின்னால்தான் வருகின்றன.

(தொடரும்)