தீவில் வாழும் சிரிப்பான்

கொடைக்கானலில் பனி விலகும் காலை. சோலையோரப் புதரிலிருந்து உரத்த குரல் ஒன்று எழும். பக்கத்துப் புதரிலிருந்து பதில் வரும். பிறகு கூட்டமே சேர்ந்துகொண்டு கலகலக்கும். குரல் கேட்ட உடனே பறவையைப் பார்த்துவிட முடியாது. சற்று அசையாமல் நின்றால் அதுவே வெளியே வரும். மைனாவைவிடச் சிறியது. பழுப்பு முதுகு, மெல்லிய கோடுகள் ஓடும் சாம்பல் மார்பு, செம்பழுப்பு வயிறு, கண்ணுக்கு மேலே சுண்ணாம்பால் தீட்டியதுபோல் வெள்ளைப் புருவம். இதுதான் பழனிச் சிரிப்பான்.

கூட்டம் இரை தேடும்போது அடிக்கடி ஒன்று மட்டும் உயரமான கிளையில் அமர்ந்து காவல் பார்க்கும். காட்டுப்பூவரசு, காட்டுப்புகையிலை, குறிஞ்சிச் செடிகள் ஆகியவற்றின் பூக்களில் அலகை நுழைத்துத் தேன் குடிப்பதும் இதன் வழக்கம்.

இந்தப் பறவை உலகில் வேறெங்கும் இல்லை. வடக்கே பாலக்காட்டுக் கணவாய், தெற்கே செங்கோட்டைக் கணவாய். இரண்டுக்கும் இடைப்பட்ட பழனி மலை, ஆனைமலை, மூணாறு, அவற்றை ஒட்டிய உயர்மலைகள் மட்டுமே இதன் வீடு. பாலக்காட்டுக் கணவாயின் அகலம் சுமார் 30 முதல் 40 கிலோமீட்டர். வண்டியில் ஒரு மணி நேரப் பயணம். ஆனால், குளிர்ந்த மலையை விட்டு அகலாத இந்தப் பறவைக்கு அந்த வெப்பச் சமவெளி ஒரு கடல். மலையுச்சிகள் அதில் மிதக்கும் தீவுகள். அதனால்தான் அறிவியலாளர்கள் இவற்றை 'வானத் தீவுகள்' என்கிறார்கள்.

தீவுகள் நெடுங்காலம் பிரிந்திருந்தால் உறவுகளும் பிரியும். கணவாய்க்கு அப்பால் நீலகிரிச் சிரிப்பான். வயநாட்டின் பாணாசுர மலைப் பகுதியில் இன்னொன்று. செங்கோட்டைக்குத் தெற்கே அகத்தியமலைப் பக்கம் வேறொன்று. ஒரே மூதாதையின் நான்கு பிள்ளைகள். பழனிச் சிரிப்பானை இயற்கையியலாளர் பிளான்ஃபோர்டு 1869-இல் அறிவியலுக்கு அறிமுகப்படுத்தினார். ஆனால் இந்த நால்வரும் ஆசியாவின் மற்ற சிரிப்பான்களோடு சேராத தனிக் குடும்பக் கிளை என்பதை 2017-இல் வெளிவந்த மரபணு ஆய்வுதான் உறுதிசெய்தது. 'மான்டிசின்க்லா' என்ற புதிய பேரினப் பெயரும் அப்போதுதான் கிடைத்தது. நம் வீட்டுக் கொல்லைபோல் பழகிய மலையில், உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு பறவைப் பேரினம் இவ்வளவு காலம் அடையாளம் தெரியாமல் பாடிக்கொண்டிருந்திருக்கிறது.

மலைமடிப்புகளில் சோலையும் மேடுகளில் புல்வெளியும் மாறி மாறி அமைந்ததே இந்தத் தீவின் இயல்பு. அங்கே சீகை, யூகலிப்டஸ், பைன் மரங்களை நட்டோம். பழனி மலைப் புல்வெளிகளில் பெரும்பகுதி இப்போது இல்லை. சோலைகளும் சுருங்கியுள்ளன. பூமி சூடாகும்போது சமவெளிப் பறவை மலையேறித் தப்பலாம். உச்சியில் வாழ்வது எங்கே ஏறும்? இதன் எல்லைக்குள் மிக உயர்ந்த ஆனைமுடியே 2,695 மீட்டர்தான். அழிவு அபாயத்தை நெருங்கும் இனம் என்று பன்னாட்டுப் பட்டியலில் இது இடம்பெற்றிருக்கிறது.

ஆனாலும் பழனிச் சிரிப்பான் பிடிவாதக்காரப் பறவை அல்ல. புதர் இருந்தால் தோட்டத்துக்கும் வரும். எஞ்சிய சோலையைக் காப்போம். கொடைக்கானலில் வீடோ விடுதியோ வைத்திருப்பவர்கள் வேலியோரப் புதர்களை வெட்டாமல் விடுங்கள். இந்தப் பறவைக்குக் குடிபெயர வேறு மலை இல்லை.