கையைப் பார், மட்டையை வாங்கு!

(இரண்டாமாண்டு மெக்கானிக்கல் மாணவர்)



எங்கள் குடும்பத்தில் காலேஜ் படி ஏறிய முதல் ஆள் நான்தான். டென்னிஸ் மட்டையைத் தொட்ட முதல் ஆளும் நானே! பள்ளி நாட்களில் எங்கள் ஊர் கிளப்பில் பந்து பொறுக்கிப் போடுவேன். அங்கே ஒரு பெரியவர் தன் பழைய மட்டையைக் கொடுத்தார். நல்ல கனம், தடித்த பிடி. ஓசியில் வந்ததாச்சே! முதலாமாண்டில் தினமும் ஆடினேன். இரண்டே மாதத்தில் முழங்கையின் வெளிப்புறம் வலி. ஃபிட்டிங் ஷாப்பில் ஃபைல் பிடித்து நாலு தள்ளு தள்ள முடியவில்லை. "கை போச்சுன்னா படிப்பும் போச்சேடா" என்று அம்மா அழுதுவிட்டார். டாக்டர், "இது டென்னிஸ் எல்போ. இந்த மட்டை உன் கைக்கு ஆகாது" என்றார்.

அதன் பிறகு தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

பிடி: உள்ளங்கையின் நடு ரேகையிலிருந்து மோதிர விரல் நுனிவரை ஸ்கேலால் அளங்கள். அதுவே பிடியின் சுற்றளவு. பெரும்பாலும் 4 முதல் 4 5/8 அங்குலத்துக்குள் வரும். பிடி மெலிந்தாலும் தடித்தாலும் இறுக்கிப் பிடிப்போம், வலி வரும். சந்தேகமாக இருந்தால் சின்னதையே வாங்குங்கள். மேலே டேப் சுற்றிப் பெரிதாக்கலாம்; பெரியதைச் சின்னதாக்குவது கஷ்டம்.

எடை: புதிதாக ஆடுபவருக்கு 270 முதல் 300 கிராம் போதும். ரொம்ப லேசானதும் நல்லதல்ல. வேகமான பந்து பட்டால் மட்டை அதிரும். ஒரு மணி நேரம் சோர்வின்றி வீச முடிகிற எடையே உங்கள் எடை.

பேலன்ஸ்: மட்டையின் நீளம் சாதாரணமாக 27 அங்குலம். நடுவில், 13 1/2 அங்குலத்தில், விரல்மேல் வைத்துப் பாருங்கள். தலைப்பக்கம் சாய்ந்தால் தலைக்கனம்! ஃப்ளைவீலுக்கு ரிம்மில் எடை வைப்பது ஏன் என்று படித்தோமே, அதே மொமென்ட் ஆஃப் இனர்ஷியாதான். எடை கையைவிட்டுத் தள்ளிப்போகப் போக வீசுவது கடினம். நெட் அருகில் நின்று ஆடுபவருக்குப் பிடிப்பக்கம் கனமுள்ளதே வசதி.

தலை: ராமநாதன் கிருஷ்ணன் 1960, 1961-ல் விம்பிள்டன் அரையிறுதிக்குப் போன காலத்து மர மட்டைகளின் தலை சுமார் 65 சதுர அங்குலம். சாம்ப்ராஸ் ஆடியது 85. அவரைப் பார்த்து நாமும் அதையே வாங்கினால் நடுவில் படாத ஒவ்வொரு பந்தும் கையைத்தான் உலுக்கும். நமக்கு 100 முதல் 105 நல்லது. முழு வீச்சில் ஓங்கி அடிப்பவர்கள் மட்டும் கட்டுப்பாட்டுக்காகச் சற்றுச் சிறியதைப் பார்க்கலாம்.

நரம்பு: இதைக் கட்டுவதைத்தான் கடையில் 'கட்டிங்' என்பார்கள். இறுக்கினால் பந்து கட்டுப்படும். தளர்த்தினால் வேகம் கூடும், கைக்கும் இதம். கைவலி உள்ளவர்கள் பாலியெஸ்டரைத் தவிர்த்து நைலான் போடுங்கள்.

லீவில் லேத் பட்டறையில் வேலை செய்த கூலியில் 285 கிராம், 100 சதுர அங்குலம், 4 1/4 பிடியில் ஒன்று வாங்கினேன். வலி திரும்பவில்லை. ஃபைலும் ஓடுகிறது, பந்தும் ஓடுகிறது!

செருப்பு வாங்கக் காலை அளக்கிறோம். மட்டை வாங்கும்போது மட்டும் ஏன் விலையையும் பெயரையும் பார்க்கிறோம்? நாளைக்கு மெஷின் ஓட்டிச் சோறு போடப்போகும் கை இது நண்பர்களே!