சின்னப்பம்பட்டி டு பிரிஸ்பேன்: நடுவுல எத்தனை படி? நம்ம கிரிக்கெட்டோட ‘மைனர் லீக்’ இயங்குவது எப்படி?

2021 ஜனவரி 15, பிரிஸ்பேனின் காபா மைதானம். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த தங்கராசு நடராஜன், இந்தியாவின் 300-வது டெஸ்ட் வீரராகத் தொப்பி வாங்குகிறார். அவர் ஆஸ்திரேலியாவுக்கு விமானம் ஏறியபோது டெஸ்ட் அணியில் அவர் பெயரே கிடையாது. சுற்றுப்பயணத்துக்கு முதலில் அவர் தேர்வானதே, வலைப்பயிற்சியில் பேட்ஸ்மேன்களுக்குப் பந்து வீசிக் கொடுக்கும் ‘நெட் பவுலர்’ ஆகத்தான்.

வருண் சக்கரவர்த்திக்குக் காயம் என்பதால் டி20 அணியில் இடம் கிடைத்தது. டிசம்பர் 2-ல் ஒருநாள் போட்டி, 4-ல் டி20, ஜனவரி 15-ல் டெஸ்ட். ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வடிவங்களிலும் அறிமுகமான முதல் இந்தியர் ஆனார். மொத்தம் 44 நாள்.

இந்த 44 நாள் கதை எல்லாருக்கும் மனப்பாடம். அதுக்கு முன்னாடி பத்து வருஷம் அவர் எங்கே ஆடினார், யார் சோறு போட்டது, யார் பார்த்துக்கிட்டே இருந்தது? இதைத் தெரிஞ்சுக்கிட்டா அடுத்த நடராஜனை ஏலத்துக்கு முன்னாடியே நாமும் கண்டுபிடிக்கலாம். அமெரிக்க பேஸ்பால் ரசிகர்கள் இந்த வேலையைத்தான் வருஷம் பூரா செய்கிறார்கள். அங்கிருந்தே ஆரம்பிப்போம்.

அது என்ன ‘மைனர் லீக்’?

அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் 30 அணிகள். ஒவ்வோர் அணிக்கும் கீழே நான்கு குட்டி அணிகள், ஆக 120. சிங்கிள்-ஏ, ஹை-ஏ, டபுள்-ஏ, டிரிபிள்-ஏ என்று படி வைத்திருக்கிறார்கள். இதற்கும் அடியில் புதுமுகங்களுக்கான ‘ரூக்கி’ லீக் உண்டு. ஓர் அணி 18 வயதுப் பையனை டிராஃப்டில் எடுத்தால் நேராகப் பெரிய மைதானத்தில் இறக்காது. கீழ்ப்படியில் விட்டு வருஷக்கணக்கில் வளர்க்கும்.

இப்படி வளர்கிறவர்களை அங்கே ‘பிராஸ்பெக்ட்’ என்கிறார்கள். நம்ம பாஷையில் சொன்னால், ‘இவன் வருவான்’ என்று நம்புகிற பையன். அவர்களுக்குத் தரவரிசைப் பட்டியல் உண்டு. ஒவ்வொரு திறமைக்கும் 20 முதல் 80 வரை மார்க் போடுகிற வழக்கமும் உண்டு. பிடித்த அணி தோற்றுக்கொண்டே இருந்தாலும், “டபுள்-ஏல ஒருத்தன் இருக்கான், ரெண்டு வருஷம் பொறு” என்று ரசிகர் ஆறுதல் தேடிக்கொள்வார்.

அங்கேயும் எல்லாம் தேனும் பாலுமாக இருந்ததில்லை. மைனர் லீக் சம்பளம் ரொம்ப காலம் அடிமாட்டு விலைதான். 2022-ல்தான் வீரர்களுக்குத் தங்குமிடம் தருவது கிளப்புகளின் பொறுப்பானது. 2023-ல் வீரர் சங்கத்துடன் போட்ட முதல் ஒப்பந்தத்துக்குப் பிறகு டிரிபிள்-ஏ குறைந்தபட்சச் சம்பளம் ஆண்டுக்கு 35,800 டாலர் ஆனது. பெரும்பாலானோர் மேஜர் லீக் மைதானத்தை மிதிக்காமலே வீடு திரும்புவார்கள். ஆனால் ஒரு விஷயம் தெளிவு: பையன் எந்தப் படியில் நின்றாலும், அவன் இன்னாரின் பொறுப்பு என்று சொல்ல ஓர் அணி இருக்கும்.

இந்தியர் யாராவது அந்தப் படியில் ஏறியிருக்காங்களா?

ஏறியிருக்காங்க. ரிங்கு சிங், தினேஷ் படேல். இருவரும் உத்தரப் பிரதேசத்தில் ஈட்டி எறிந்துகொண்டிருந்தவர்கள். ‘மில்லியன் டாலர் ஆர்ம்’ என்ற டிவி போட்டியில் வேகமாகப் பந்து எறிந்ததால், 2008-ல் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி ஒப்பந்தம் போட்டது. 2009-ல் ரூக்கி லீக்கில் ஆடினார்கள். 2014-ல் டிஸ்னி இதைப் படமாகவே எடுத்தது. ஆனால் இருவருமே மேஜர் லீக்கை எட்டவில்லை. ரிங்கு பிற்பாடு மல்யுத்த மேடைக்குப் போய்விட்டார்.

சரி, இப்போ நம்ம ஊருக்கு வருவோம். இந்திய கிரிக்கெட்டில் ‘மைனர் லீக்’ என்று போர்டு வைத்த எதுவும் கிடையாது. ஆனால் படிகள் இருக்கு. நடராஜன் ஏறிய வழியிலேயே அதை எண்ணிப் பார்க்கலாம்.

படி 1: டென்னிஸ் பந்து

சேலத்தின் மேற்குப் பக்கம், அப்படியே நாமக்கல் மாவட்டத்துப் பள்ளிபாளையம், குமாரபாளையம் வரை, விசைத்தறிச் சத்தம் கேட்கிற பூமி. நடராஜனின் அப்பா தறித் தொழிலாளி. அம்மா சாலையோரம் சில்லி சிக்கன் கடை போட்டிருந்தவர். இருபது வயதை ஒட்டி வரைக்கும் நடராஜன் ஆடியது டென்னிஸ் பந்து கிரிக்கெட்தான்.

அவருடைய யார்க்கர் பிறந்த இடமும் அதுவே. டென்னிஸ் பந்தை ஷார்ட்டாகக் குத்தினால் மிரட்டுகிற வேகத்தில் எழும்பாது. நின்று, மெதுவாக வரும், அடித்துவிடுவார்கள். பவுண்டரியோ கைக்கெட்டும் தூரம். அந்த மைதானத்தில் பவுலருக்குப் பாதுகாப்பான ஒரே இடம் பேட்ஸ்மேனின் கால்விரல். அங்கேயே போட்டுப் போட்டுப் பழகிய கை அது.

பிரச்சினை என்னன்னா, இந்தப் படியிலிருந்து அடுத்த படிக்கு ஏணியே கிடையாது. பேஸ்பாலில் ஸ்கவுட் பள்ளிக்கூட மைதானத்துக்கே வருவார். இங்கே டென்னிஸ் பந்து டோர்னமென்ட்டில் ஸ்கோர் கார்டுகூட மிஞ்சாது. நடராஜனுக்கு ஏணியாக இருந்தது ஒரு மனிதர். அதே ஊர்க்காரரான ஜெயப்பிரகாஷ் அவரைச் சென்னைக்குக் கூட்டிப் போனார். பின்னாளில் நடராஜன் தன் ஐபிஎல் ஜெர்சியில் ‘ஜேபி நட்டு’ என்று போட்டுக்கொண்டது அதனால்தான்.

படி 2: சென்னை லீக்

நம்ம ஊர் மைனர் லீக் என்று சொல்லத் தகுதியானது இதுதான். தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம் (டிஎன்சிஏ) நடத்தும் டிவிஷன் லீக். அடியிலிருந்து முதல் டிவிஷன் வரை படிப்படியாக அணிகள். ஜெயித்தால் மேலே, தோற்றால் கீழே. பல அணிகளுக்குப் பின்னால் கம்பெனிகள். வேலை, உதவித்தொகை, பயிற்சி என்று ஏதோ ஒரு வகையில் வீரரைத் தாங்கிப் பிடிப்பது இந்தக் கம்பெனி கிரிக்கெட்.

நடராஜன் 2010-11-ல் நான்காவது டிவிஷனில் பிஎஸ்என்எல் அணிக்கு ஆடினார். பிறகு முதல் டிவிஷனில் விஜய் கிரிக்கெட் கிளப். அடுத்து ஜாலி ரோவர்ஸ். இந்த ஜாலி ரோவர்ஸ் யாருடைய அணி தெரியுமா? கெம்பிளாஸ்ட் சன்மாரோடது. அந்தக் கம்பெனியின் ஆலை இருப்பது மேட்டூரில். அதாவது, சேலம் மாவட்டத்தில் ஆலை வைத்திருக்கும் கம்பெனியின் அணியில் சேர, சேலத்துப் பையன் 340 கிலோமீட்டர் தள்ளி சென்னைக்குப் போக வேண்டியிருந்தது. அன்றைக்கு ஏணி முழுக்கத் தலைநகரிலேயே சாத்தி வைக்கப்பட்டிருந்தது.

படி 3: ரஞ்சி… அங்கேயே சறுக்கல்

2015 ஜனவரியில், கொல்கத்தா ஈடன் கார்டனில் வங்காளத்துக்கு எதிராக ரஞ்சி அறிமுகம். அந்த முதல் ஆட்டத்திலேயே பந்துவீச்சு முறை சந்தேகத்துக்குரியது என்று நடுவர்கள் புகார் செய்தார்கள். ஒரு பவுலருக்கு இதைவிடப் பெரிய இடி வேறில்லை. பத்து வருஷமாகப் பழகிய கையை மறக்க வேண்டும், புதுக் கையைப் பழக வேண்டும். அதுவரை ஆட்டமும் இல்லை, அதில் வரும் காசும் இல்லை.

சுனில் சுப்பிரமணியம், டி.வாசு, எம்.வெங்கடரமணா ஆகிய முன்னாள் வீரர்கள் உட்கார்ந்து ஆக்‌ஷனைத் திருத்திக் கொடுத்தார்கள். சுமார் ஒரு வருஷம் போனது.

இந்த ஒரு வருஷத்தைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்க. ஒரு பேஸ்பால் அணியின் பையனுக்கு இது நடந்திருந்தால், அவன் அந்த அணியின் ஆள். சம்பளத்தோடு பயிற்சி முகாமுக்குப் போவான். இங்கே ஒரு பையன் மீள்வானா மாட்டானா என்பது அவனைச் சுற்றி யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. நடராஜனுக்கு ஆள்கள் இருந்தார்கள். இல்லாதவர்களின் கதை நமக்கு வந்து சேர்வதில்லை.

படி 4: டிஎன்பிஎல்

2016-ல் தமிழ்நாடு பிரீமியர் லீக் தொடங்கியது. ஊர்களின் பெயரில் 8 அணிகள், டிவி நேரலை. முதல் சீசனிலேயே திண்டுக்கல் டிராகன்ஸுக்காக நடராஜன் போட்ட யார்க்கர்கள் பேசப்பட்டன. அடுத்த பிப்ரவரியில் ஐபிஎல் ஏலம்: அடிப்படை விலை 10 லட்சம், பஞ்சாப் எடுத்தது 3 கோடிக்கு.

டிஎன்பிஎல்லின் பெரிய லாபம் பணம்கூட இல்லை, வீடியோ. மும்பையிலோ பெங்களூருவிலோ உட்கார்ந்திருக்கும் ஸ்கவுட், திண்டுக்கல் பக்கம் வராமலே 18-வது ஓவரை ரீப்ளே போட்டுப் பார்க்க முடிகிறது.

சில நேரம் கணக்கு தலைகீழாகவும் ஆகும். 2023 டிஎன்பிஎல் ஏலத்தில் சாய் சுதர்சனைக் கோவை அணி 21.6 லட்சத்துக்கு எடுத்தது. அப்போது குஜராத் டைட்டன்ஸில் அவருடைய ஐபிஎல் சம்பளம் 20 லட்சம்! அதே ஆண்டு ஐபிஎல் இறுதிப் போட்டியில் 47 பந்தில் 96 அடித்தார். 2025-ல் 759 ரன்களோடு ஆரஞ்சுத் தொப்பி, இங்கிலாந்தில் டெஸ்ட் அறிமுகம்.

படி 5: ஐபிஎல் பெஞ்ச்

ஏலத்தில் எடுத்துட்டாங்க, அவ்ளோதான் செட்டில் என்று நினைப்போம். நடராஜன் 2017-ல் பஞ்சாபுக்கு ஆறு ஆட்டம், இரண்டே விக்கெட். 2018-ல் ஹைதராபாத் 40 லட்சத்துக்கு வாங்கியது. 2018, 2019 இரண்டு சீசனும் ஒரு ஆட்டம்கூட இல்லை. 2020-ல்தான் 16 விக்கெட். அதில் ஒன்று, எலிமினேட்டரில் ஏபி டிவில்லியர்ஸின் ஸ்டம்பைப் பெயர்த்த அந்த யார்க்கர். பிறகுதான் ஆஸ்திரேலிய விமானம்.

மேலே போய்ட்டா கவலை இல்லையா?

இருக்கு. 2021 மார்ச் 28, புனே. கடைசி ஓவரில் இங்கிலாந்துக்கு 14 ரன் தேவை, அடித்துக்கொண்டிருந்தவர் சாம் கரன். நடராஜன் கட்டுப்படுத்த, இந்தியா 7 ரன்னில் வென்றது. அடுத்த மாதம் முழங்காலில் அறுவை சிகிச்சை. அதற்குப் பிறகு 2025 வரை இந்திய அணிக்கு ஆடவில்லை. 2024 ஐபிஎல்லில் 19 விக்கெட் எடுத்து, டெல்லிக்கு 10.75 கோடிக்குப் போனார். 2025 சீசனில் களமிறங்கியது இரண்டு ஆட்டத்தில் மட்டும்.

அதே சின்னப்பம்பட்டிப் பக்கத்திலிருந்து நடராஜனிடம் பயிற்சி எடுத்து வந்தவர் ஜி.பெரியசாமி. மலிங்கா பாணியில் பக்கவாட்டில் கை சுழற்றுபவர். 2019 டிஎன்பிஎல் இறுதிப் போட்டியில் சேப்பாக் சூப்பர் கில்லீஸுக்காக 15 ரன் கொடுத்து 5 விக்கெட். தொடரின் சிறந்த வீரரும் அவரே. அடுத்த வருஷமும் அதே மேடை கிடைத்திருக்க வேண்டும். கொரோனாவால் 2020-ல் டிஎன்பிஎல்லே நடக்கவில்லை. தமிழ்நாடு அணிக்கு ஆடினாலும், நடராஜன் தொட்ட உயரம் அவருக்கு அமையவில்லை. ஒரே மண், ஒரே பயிற்சி. ஆனாலும் எந்த வருஷம் எந்தப் படியில் நிற்கிறோம் என்பதும் ஒரு கணக்கு.

இப்போ சேலத்தில் என்ன மாறியிருக்கு?

ஏணி கொஞ்சம் கிட்டத்தில் வந்திருக்கு. வாழப்பாடி அருகே சேலம் கிரிக்கெட் ஃபவுண்டேஷன் மைதானம் 2020 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. ராகுல் டிராவிட் வந்திருந்தார். 2022 முதல் அங்கே டிஎன்பிஎல் ஆட்டங்கள் நடக்கின்றன. சேலம் ஸ்பார்ட்டன்ஸ் என்று சொந்த அணி வேறு. 2023 ஜூனில் நடராஜன் தன் ஊரிலேயே ஒரு கிரிக்கெட் மைதானம் கட்டினார். திறந்து வைத்தவர் தினேஷ் கார்த்திக்.

நீங்களும் ‘பிராஸ்பெக்ட்’ ஃபாலோ பண்ணணுமா?

* ஜூன், ஜூலை: டிஎன்பிஎல். மொத்த விக்கெட்டைப் பார்க்காதீங்க. 17 முதல் 20 ஓவர் வரை யார் கையில் பந்து கொடுக்கிறார்கள், அதில் எத்தனை ரன் போகிறது என்று பாருங்க.
* நவம்பர், டிசம்பர்: சையது முஷ்டாக் அலி டி20. இங்கேதான் உள்ளூர் ஹீரோ வெளி மாநில பேட்ஸ்மேன்களிடம் மாட்டுவார். இங்கேயும் தேறினால் ஐபிஎல் அணிகள் பெயரைக் குறித்துக்கொள்ளும்.
* ஏலம்: அடிப்படை விலை 30 லட்சப் பட்டியலைப் படிங்க. சுவாரசியமே அங்கேதான்.
* மார்ச் முதல் மே வரை: நெட் பவுலராக யாரைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று கவனியுங்க. பெரிய செய்தியாக வராது. ஆனால் நடராஜன் ஆஸ்திரேலியாவில் நுழைந்த கதவு அதுதான்.
* வயது: 16, 19, 23 வயதுக்கு உட்பட்டோர் போட்டிகளில் ஒரே பெயர் தொடர்ந்து மேலே வருகிறதா என்று பாருங்க.

கடைசியா ஒண்ணு

சேலம், நாமக்கல் பக்கம் ஞாயிற்றுக்கிழமை பைக்கில் போனால், ஏதாவது ஒரு காலி இடத்தில் டென்னிஸ் பந்து மேட்ச் நடந்துகொண்டுதான் இருக்கும். அங்கே கடைசி ஓவரைப் போடுகிறவனுக்கும் டிஎன்பிஎல்லுக்கும் நடுவே தூரம் இன்று குறைவு. ஆனாலும் அந்த முதல் படியில் இப்போதும் ஸ்கோர் கார்டு இல்லை, ஸ்கவுட் இல்லை. அங்கே ஒரு ஜெயப்பிரகாஷ் நின்று பார்த்தால்தான் உண்டு.

அதனால், அடுத்த முறை வண்டியை ஓரமா நிறுத்தி ஒரு ஓவர் பாருங்க. நல்லா போடுறான்னு தோணுச்சுன்னா, வீடியோ எடுத்து ஊர்ல கோச்சிங் கொடுக்கிற யாருக்காவது அனுப்பி விடுங்க.