குறைந்த மதிப்பெண்ணுக்கு என்ன விளக்கம் எழுதுவது?

நம் சங்கக் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் இன்று அமெரிக்காவில் படிக்கிறார்கள். டாக்டர், எஞ்ஜினீயர் என்ற இரண்டு சொற்களோடு நின்றிருந்த நம் பேச்சில் இப்போது பிசியோதெரபியும் சேர்ந்துவிட்டது. மகிழ்ச்சிதான். ஆனால் கல்லூரியில் மதிப்பெண் குறைந்த பிள்ளை இந்தப் படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது பெற்றோர் கலங்கிவிடுகிறார்கள். "ஏன் குறைந்தது என்று எழுதச் சொல்கிறார்களே, என்ன எழுதுவது?" என்பதே கேள்வி.

டிப்ளமா படித்து, ரயில்வேயில் தண்டவாளம் பார்த்து ஓய்வு பெற்ற எனக்கு இதில் என்ன அனுபவம் என்று அன்பர்கள் கேட்கலாம். நியூ ஜெர்ஸியில் வளர்ந்த என் தங்கையின் பேத்தி இதே கேள்வியோடு என்னிடம் வந்தாள். ஜாதவ்பூரில் என் வீட்டிலிருந்து இரவு நேரங்களில் தொலைபேசியில் அவளோடு சேர்ந்து இந்த விஷயத்தைப் படித்தேன். தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

இங்கே ஒரு முறை, அங்கே ஒரு முறை

கொல்கத்தாவில் பிசியோதெரபி என்றதும் பி.டி. ரோட்டில் பன்ஹுக்ளியில் 1978-ல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனம் நினைவுக்கு வரும். இங்கும் சரி, தமிழ்நாட்டிலும் சரி, பிளஸ் டூ முடித்தவுடன் பி.பி.டி. படிப்பில் சேரலாம். இடத்தைத் தீர்மானிப்பது பிளஸ் டூ மதிப்பெண் அல்லது நுழைவுத் தேர்வின் வரிசை எண். ஏன் குறைந்தது என்று யாரும் கேட்பதில்லை. சொல்ல விரும்பினாலும் அதற்கு இடமில்லை.

அமெரிக்காவில் பெரும்பாலும் நான்கு வருடப் பட்டம் முடித்த பிறகுதான் இந்தப் படிப்பு. டி.பி.டி. என்ற டாக்டர் பட்டத்துக்குச் சுமார் மூன்று வருடம் ஆகும். 2016 முதல் அங்கே அங்கீகாரம் பெற்ற பிசியோதெரபி படிப்புகள் எல்லாமே இந்த டாக்டர் பட்டப் படிப்புகள்தான். பெரும்பாலான கல்லூரிகளுக்கு பி.டி.சி.ஏ.எஸ். என்ற பொது அமைப்பின் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். மதிப்பெண்ணோடு சிபாரிசுக் கடிதங்கள், பிசியோதெரபிஸ்டின் அருகில் இருந்து வேலையைப் பார்த்த மணிக்கணக்கு, சுயமாக எழுதிய கட்டுரை எல்லாம் பார்க்கிறார்கள். மதிப்பெண் குறைந்ததற்கு விளக்கம் சொல்லவும் வாய்ப்பு உண்டு.

நம்மவர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான். நம் ஆபீஸ்களில் 'எக்ஸ்பிளனேஷன்' கேட்டு மெமோ வந்தால் தண்டனை வரப்போகிறது என்று பொருள். அதே பயத்தோடு சிலர் ஒன்றும் எழுதாமல் விடுகிறார்கள்; சிலர் இரண்டு பக்கம் அழுது தீர்க்கிறார்கள்.

கணக்கை முதலில் பாருங்கள்

ஏ என்றால் 4, பி 3, சி 2, டி 1. இதைப் பாடத்தின் கிரெடிட்டோடு பெருக்கிச் சராசரி எடுப்பதுதான் ஜி.பி.ஏ. பல கல்லூரிகள் 3.0-ஐக் குறைந்தபட்சமாக வைத்திருக்கின்றன. இடம் கிடைப்பவர்களின் சராசரி அதைவிட நன்றாகவே உயரம்.

பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. டி வாங்கிய பாடத்தை மறுபடி படித்து பி வாங்கினால் பழைய டி போய்விட்டது என்று நினைக்கிறார்கள். படித்த கல்லூரி தன் பட்டியலில் அதை நீக்கியிருக்கலாம், பி.டி.சி.ஏ.எஸ். இரண்டையும் சேர்த்தே கூட்டும். ஆக, அந்தப் பாடத்தில் சராசரி 2 தான். எதையும் மறைக்க வழியில்லை. படித்த எல்லாக் கல்லூரிகளின் மதிப்பெண் பட்டியலும் போயாக வேண்டும்.

எங்கள் பெண்ணின் கணக்கு இது. முதல் 60 கிரெடிட்டில் 2.6, அடுத்த 60-ல் 3.7. மொத்தம் 3.15. இந்த 3.15-ஐ மட்டும் பார்த்தால் சுமாரான மாணவி. இரண்டாகப் பிரித்தால் ஏறிவரும் மாணவி. கடைசி 60 கிரெடிட்டையும், உடற்கூறு, உடலியங்கியல், இயற்பியல், வேதியியல் போன்ற அடிப்படைப் பாடங்களையும் தனியே பார்க்கும் கல்லூரிகள் உண்டு. விண்ணப்பிக்கும் முன் அவற்றைத் தேடி எடுப்பது அவசியம்.

தண்டவாளம் சொன்ன பாடம்

பாதை பழுதானால் சரிசெய்த அன்றே முழு வேகத்தில் வண்டி விடமாட்டோம். முதலில் மணிக்கு 20 கிலோமீட்டர் என்று டிரைவருக்குக் காஷன் ஆர்டர். பிறகு 45. பாதை நன்றாக உட்கார்ந்த பிறகுதான் பழைய வேகம். ரிப்போர்ட்டில் மூன்று கேள்விகளுக்குப் பதில் இருக்க வேண்டும்: எது பழுது, எதனால், சரிசெய்தது என்ன. சரியானதற்கு அத்தாட்சி, அதன் மேல் ஓடிய வண்டிகள்.

விளக்கமும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று அவளிடம் சொன்னேன். பலமுறை திருத்தி அவள் எழுதியதன் சாரம் இது: "முதல் இரண்டு ஆண்டுகள் என் மதிப்பெண் குறைவு. அப்போது என் தந்தைக்கு டயாலிசிஸ் நடந்தது. வாரம் மூன்று நாள் நான் அழைத்துச் சென்றேன், மாலையில் கடையில் வேலையும் பார்த்தேன். மூன்றாம் ஆண்டில் என் அண்ணன் பொறுப்பேற்றதும் கடை வேலையை விட்டேன். இயற்பியலை மறுபடி படித்து பி வாங்கினேன். கடைசி 60 கிரெடிட்டில் என் சராசரி 3.7." அவ்வளவுதான்.

இதற்கு அவள் தந்தை, என் மருமான், முதலில் ஒப்பவில்லை. "மாமா, என் வியாதியைக் காட்டி அவளுக்கு இடம் வாங்க வேண்டாம்" என்றான். குரலில் கோபத்தைவிட வெட்கம்தான் அதிகம். "உன்னை அழைத்துப் போனது அவள் செய்த வேலையப்பா. அதை எழுதாவிட்டால் அந்த இரண்டு வருடமும் சோம்பலாகத்தான் தெரியும்" என்றேன். இரண்டு நாள் யோசித்து, ஒரே வரிதான் என்ற நிபந்தனையோடு சம்மதித்தான். அந்த நிபந்தனை கடிதத்துக்கு நல்லதாகவே முடிந்தது.

ஒன்பது கல்லூரிகளுக்கு அனுப்பினாள். ஏழு மறுத்தன. ஒன்று காத்திருப்போர் பட்டியலில் வைத்தது. ஒன்று அழைத்துப் பேசி, இடம் கொடுத்தது. விளக்கம் எழுதினால் இடம் நிச்சயம் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது என்பதற்காகவே இந்த எண்ணிக்கையைச் சொல்கிறேன்.

சில எச்சரிக்கைகள்

காரணம் பெரிய துன்பமாக இருக்க வேண்டும் என்பதில்லை. "எதைப் படிப்பது என்று தெளிவில்லாமல் இருந்தேன், படிக்கும் முறையும் தெரியவில்லை" என்பதும் உண்மையென்றால் நல்ல விளக்கமே. பிறகு என்ன மாறியது என்று காட்ட வேண்டும், அதுதான் முக்கியம்.

ஆசிரியரைக் குறை சொல்லக் கூடாது. ஒரேயொரு சி-க்கு விளக்கம் தேவையில்லை. பாட்டி விழுந்து எலும்பு முறிந்த கதையைப் பலரும் எழுதுகிறார்கள். மதிப்பெண்ணுக்குச் சம்பந்தம் இல்லையென்றால் விட்டுவிடலாம். சமீபத்திய மதிப்பெண்ணும் குறைவாகவே இருந்தால் எந்த விளக்கமும் உதவாது. ஒரு வருடம் பொறுத்து, சில பாடங்களை நன்றாகப் படித்துக் காட்டிவிட்டு விண்ணப்பிப்பதே மேல்.

இங்கே பட்டம் பெற்று அங்கே செல்லும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. நம் பல்கலைக்கழகங்களில் 60 சதவீதம் என்றால் பொதுவாக முதல் வகுப்பு. அதை 25-ஆல் வகுத்து 2.4 என்று நீங்களே முடிவுகட்டி மனம் உடைய வேண்டாம். வெளிநாட்டுச் சான்றிதழ்களை மதிப்பிடுவதற்கென்றே அங்கே நிறுவனங்கள் உள்ளன. அவர்கள் நம் முறையை அறிந்து மாற்றித் தருவார்கள். இல்லாத குறைக்கு விளக்கம் எழுதிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். விளக்கத்தை நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள். நேர்முகத்தில் அதைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்ல வேண்டியது பிள்ளைதான். அது மட்டுமல்ல. நாளை நடக்க முடியாத நோயாளி ஒருவரிடம் போய், "இன்று இவ்வளவுதான் முடிகிறது, அடுத்த மாதம் இன்னும் கொஞ்சம் முடியும்" என்று உள்ளதை உள்ளபடி சொல்லப்போகிறவர் அந்தப் பிள்ளை. அந்தப் பழக்கம் தன் மதிப்பெண்ணிலிருந்தே தொடங்கட்டுமே.