தண்ணீருக்குள் எடுத்த ஃபிலிம்... கழுவி பிரிண்ட் போடுவது எப்படி?

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஆகாய கங்கைக்குப் படியிறங்குகிறவர்களின் முதல் கவலை, செல்போன் நனையக் கூடாது என்பதுதான். அதற்காகவே, ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் வாட்டர்புரூஃப் ஃபிலிம் கேமராவை எடுத்துச் செல்பவர்கள் உண்டு. படம் எடுத்தாயிற்று. குண்டனி நாட்டிலிருந்து கீழே இறங்கியதும், 'இந்த ரோலை எங்கே கொடுத்துக் கழுவுவது?' என்ற கேள்வி வரும்.

உள்ளே இருப்பது பழைய ரோல்தான்!

தண்ணீரைத் தடுப்பது வெளியே உள்ள பிளாஸ்டிக் கூடு மட்டுமே. உள்ளே இருப்பது, 90-களில் கல்யாண வீடுகளில் படம் பிடித்த அதே 35 எம்.எம். கலர் நெகட்டிவ். ஃபியூஜி, கோடக் இரண்டின் வாட்டர்புரூஃப் கேமராவிலும் 27 படங்கள் எடுக்கலாம். கழுவும் முறைக்கு 'சி-41' என்று பெயர். டெவலப்பர் 37.8 டிகிரி செல்சியஸ் சூட்டில், 3 நிமிடம் 15 விநாடி. இதற்கென்று தனி லேப் தேவையில்லை. 'சி-41 கழுவுவீங்களா?' என்று கேட்டால் போதும். பல ஊர்களில் கலர் லேப்கள் டிஜிட்டலுக்கு மாறிவிட்டதால், பெருநகர லேபுக்கு கூரியரில் அனுப்ப வேண்டியிருக்கலாம். கொடுக்கும்போதே, 'நெகட்டிவும் திரும்ப வேணும்' என்று சொல்லிவிடுங்கள்.

ஏன் எல்லாம் நீலமாக இருக்கிறது?

தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பு நிறத்தை. ஆழம் கூடக் கூட, சிவப்புச் சட்டையும் சாம்பல் பூத்ததுபோலத் தெரியும். இந்த கேமராக்களில் ஃபிளாஷும் கிடையாது. எனவே நல்ல வெயிலில், நீர்மட்டத்தை ஒட்டி, ஆளுக்குப் பக்கத்தில் இருந்து எடுப்பதே நல்லது. 'தண்ணிக்குள்ள எடுத்தது' என்று லேபில் சொன்னால், பிரிண்ட் போடும்போது நிறத்தை ஓரளவு சரிசெய்வார்கள். படத்துக்காக அருவியின் ஆழமான பகுதிக்குப் போவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

கேமராவுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டால்?

வெயிலில் காய வைக்காதீர்கள். செல்போனுக்குச் சொல்லும் அரிசி வைத்தியமும் இங்கே ஆகாது. ஃபிலிமின் மேல்பூச்சு ஜெலட்டினால் ஆனது. நனைந்து காய்ந்தால் ஒரு சுற்றோடு இன்னொரு சுற்று ஒட்டிக்கொள்ளும். பிரிக்கும்போது படம் உரிந்து வந்துவிடும். கேமராவைத் திறக்காமல், சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் மூழ்கியபடியே மூடி, தாமதிக்காமல் லேபில் சேர்க்க வேண்டும். நனைந்த ரோல் என்பதை முதலிலேயே சொல்வது முக்கியம். மெஷினில் விடாமல் கையால் கழுவினால்தான் பிழைக்க வாய்ப்பு.

130 ஆண்டுக் கதை

1893-ல் பிரான்ஸின் லூயி பூட்டான் கடலுக்கடியில் படம் எடுத்தபோது, ஒரு படத்துக்கு அரை மணி நேரம் வரைகூட ஆனதாம். நம் ஊட்டியிலும் 1960-ல் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ், 'இந்து' என்ற பெயரில் ஃபிலிம் தயாரித்தது. அந்த ஆலை இன்று இல்லை.

ஆனால், அந்தக் காலத்து ரோல்கள் பல வீட்டு பீரோக்களில் கழுவப்படாமல் இன்னும் கிடக்கலாம். நிறம் மங்கியிருக்கும், ஆனாலும் உருவம் மிஞ்சியிருக்க வாய்ப்புண்டு. இன்று நம்மோடு இல்லாத ஒருவரின் சிரிப்பு அதில் இருக்கக்கூடும். தூக்கிப் போடும் முன், ஒருமுறை கழுவிப் பார்த்துவிடுங்கள்!