கல் ஒரு பக்கம், எலும்பு ஒரு பக்கம்

2016 மே மாதம். சான் பிரான்சிஸ்கோவில் ஒரு வீட்டைப் புதுப்பிக்க, கார் ஷெட்டுக்கு அடியில் தோண்டிய வேலையாட்களுக்குச் சின்ன உலோகப் பெட்டி ஒன்று தட்டுப்பட்டது. கண்ணாடி பதித்த சவப்பெட்டி. உள்ளே வெள்ளைக் கவுன் போட்ட பெண் குழந்தை. தலைமுடியில் செருகிய பூகூட இருந்தது.

அந்த மனை முன்பு ஆட் ஃபெல்லோஸ் இடுகாடு. அங்கிருந்த சுமார் 26,000 பேரையும் தெற்கே கொல்மா என்ற ஊருக்கு எடுத்துப் போயாயிற்று என்றுதான் கணக்கு. கணக்கில் ஒரு குழந்தை விட்டுப்போயிருந்தது.

1901 முதல் நகருக்குள் யாரையும் புதைக்கக் கூடாது என்றார்கள். பிறகு, புதைத்தவர்களையும் காலி செய்யச் சொன்னார்கள். சுகாதாரத்தைக் காரணம் காட்டினார்கள். மனை விலை ஏறிக்கொண்டிருந்ததையும் அதோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். 1940களுக்குள் சுமார் ஒன்றரை லட்சம் பேர் இடம் மாறினார்கள்.

கல்லறைக் கல்லும் கூடவே போக வேண்டுமென்றால் சொந்தக்காரர்கள் பணம் கட்ட வேண்டும். கேட்க ஆளில்லாத கற்கள் கடல் தடுப்புச் சுவருக்கும் புவேனா விஸ்டா பூங்காவின் வடிகாலுக்கும் போயின. வடிகாலில் சில கற்களின் எழுத்து இன்றும் மேலே தெரிகிறது. அதற்கு அடியில் ஆள் இல்லை.

அதனால் இடம் மாறியவர்களைத் தேடுகிறவர்கள் கல்லை விட்டுவிட்டுக் காகிதத்தைப் பிடிக்க வேண்டும். அதிலும் சிக்கல்: 1906 நிலநடுக்கத்தோடு வந்த தீயில் நகரின் பிறப்பு, இறப்புப் பதிவேடுகள் பெரும்பாலும் எரிந்துபோயின. மிஞ்சியவை சவ அடக்கக் கடைகளின் பேரேடுகளும் பழைய நாளிதழ்களின் மரண அறிவிப்புகளும். அவற்றில் இடுகாட்டின் பெயர் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. பழைய இடுகாடு லாரல் ஹில் என்றால் கொல்மாவில் சைப்ரஸ் லான். கால்வரி என்றால் ஹோலி கிராஸ். ஆட் ஃபெல்லோஸ் என்றால் கிரீன்லான்.

குழந்தையின் பெயரும் இந்த வழியில்தான் வந்தது. இடுகாட்டின் பழைய வரைபடத்தை இன்றைய தெருக்களோடு பொருத்தி, அந்த இடத்தில் யார் வீட்டுக் குழி இருந்தது என்று பேரேட்டில் தேடினார்கள். தலைமுடியிலிருந்து எடுத்த மரபணு, உயிரோடிருக்கும் வாரிசு ஒருவருடையதோடு ஒத்துப்போனது. ஓராண்டு உழைப்பு. ஈடித் ஹோவர்ட் குக், இறந்தது 1876 அக்டோபர் 13, மூன்று வயதுகூட நிரம்பவில்லை.

எல்லோருக்கும் இவ்வளவு வாய்க்காது. லாரல் ஹில்லிலிருந்து வந்த சுமார் 35,000 பேர் சைப்ரஸ் லானில் ஒரே புல்மேட்டுக்கு அடியில் இருக்கிறார்கள். எல்லோருக்கும் பொதுவாக ஒரு நினைவுச் சின்னம். பூ கொண்டுபோகிறவர்கள் அதன் காலடியில்தான் வைத்துவிட்டு வர வேண்டும்.