முதலில் கண், பிறகே கணினி



பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியானதும் நம் இல்லங்களில் எழும் வினாக்களுள் ஒன்று, அண்மை ஆண்டுகளாக அடிக்கடி செவியில் விழுகிறது. "விஸ்காம் படிக்க விரும்புகிறேன்" என்று மகனோ மகளோ கூறினால், "அது சினிமாப் படிப்புத்தானே?" என்று தந்தை முகம் சுளிக்கிறார். "கம்ப்யூட்டர் சென்டரில் மூன்று மாதத்தில் கற்றுத் தருவதை மூன்றாண்டு படிப்பானேன்?" என்று தாய் கேட்கிறார். இரண்டுமே நியாயமான ஐயங்கள். அவற்றிற்கு விடை காண, பல்லூடகமும் தொடர்பு வடிவமைப்பும் முதலாண்டு மாணவர்க்கு எவ்வாறு கற்பிக்கப்படுகின்றன என்பதை நாம் அறிந்துகொள்ள வேண்டும்.

எழுத்து, படம், ஒலி, அசைவு ஆகியவற்றை ஒருங்கிணைத்துச் செய்தி சொல்வது பல்லூடகம். யாருக்கு, எதை, எந்த வடிவில் சொன்னால் விளங்கும் என்று ஆராய்ந்து அமைப்பது தொடர்பு வடிவமைப்பு. முன்னது கருவி, பின்னது சிந்தனை. கருவியை விரைவில் பழகிவிடலாம். சிந்தனையைப் பழக்குவதற்குத்தான் ஆசிரியர் தேவைப்படுகிறார்.

இச்சிந்தனையை முறையாகக் கற்பித்த கூடங்களுள் புகழ்பெற்றது, ஜெர்மனியின் வைமர் நகரில் வால்டர் குரோப்பியஸ் 1919ஆம் ஆண்டு நிறுவிய 'பௌஹவுஸ்'. அங்குச் சேர்ந்தவர் எவராயினும், எடுத்த எடுப்பிலேயே தொழிற்கூடத்திற்குள் நுழைந்துவிட முடியாது. முதலில் அடிப்படை வகுப்பொன்றில் பயில வேண்டும். யோஹன்னஸ் இட்டன் வகுத்த அவ்வகுப்பில் வடிவமும் நிறமும் பொருள்களின் இயல்புமே பாடங்கள். பின்னர் அதனை நடத்திய யோசஃப் ஆல்பர்ஸ், வெறும் காகிதத்தைக் கொடுத்து, அதனை வீணாக்காமல் மடித்தும் வெட்டியும் புது வடிவம் காணச் சொன்னார். நாஜிகளின் நெருக்குதலால் 1933இல் அக்கூடம் மூடப்பட்டது. ஆனால் அதன் ஆசிரியர்கள் சென்ற நாடுகளிலெல்லாம் அந்தப் பாடமுறை வேரூன்றியது.

நம் நாட்டிற்கு வருவோம். இந்திய அரசின் அழைப்பின் பேரில் இங்கு வந்த அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ் ஈம்ஸும் அவர்தம் துணைவியார் ரே ஈம்ஸும், 1958இல் ஓர் அறிக்கை அளித்தனர். அதில் அவர்கள் வியந்து பாராட்டிய பொருள் எது தெரியுமா? நம் வீடுகளில் புழங்கிய சாதாரண லோட்டா! அதில் எவ்வளவு நீர் கொள்ள வேண்டும், தூக்குபவரின் கை எத்தகையது, இடுப்பில் வைத்தால் எப்படி இருக்கும், சாய்த்தால் நீர் எவ்வாறு விழும், விலை என்ன என்றெல்லாம் வினாக்களை அடுக்கி, ஒரு பாத்திரத்திற்குள் இத்தனை அறிவு அடங்கியிருப்பதை எடுத்துக்காட்டினர். அந்த அறிக்கையின் வழியே 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்றியது. தில்லி ஜாமிஆ மில்லியா இஸ்லாமியாவில், அன்வர் ஜமால் கித்வாய் அவர்களின் முயற்சியால் 1982இல் வெகுமக்கள் தொடர்பு ஆய்வு மையம் நிறுவப்பட்டதும் நம் சமுதாயம் நினைவிற்கொள்ள வேண்டிய செய்தியாகும்.

இக்கலை நமக்கு அயலானதும் அன்று. பக்தாதில் அப்பாஸிய ஆட்சியில் அமைச்சராக விளங்கி, கி.பி. 940இல் மறைந்த இப்னு முக்லா, எழுதுகோலின் முனை பதிக்கும் சாய்சதுரப் புள்ளியையே அளவுகோலாகக் கொண்டு அரபு எழுத்துகளுக்கு விகிதம் வகுத்தார். அலிஃபின் உயரத்தை விட்டமாகக் கொண்ட வட்டம், ஏனைய எழுத்துகளின் வளைவுகளுக்கு இலக்கணமாயிற்று. பஸ்ராவில் பிறந்த இப்னுல் ஹைதம், பொருள்களிலிருந்து வரும் ஒளி கண்ணுக்குள் புகுவதாலேயே காட்சி உண்டாகிறது என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சான்றுகளுடன் நிறுவினார். இருட்டறையில் சிறு துளைவழி நுழையும் ஒளியையும் அவர் ஆராய்ந்தார். ஒளிப்படக் கருவியின் அடிப்படையும் அதுவே.

இனி வகுப்பறைக்குள் நுழைவோம். மதரஸாவில் காயிதாவை முடிக்காத பிள்ளையிடம் எந்த உஸ்தாதும் நீண்ட சூராவைக் கொடுப்பதில்லை. அவ்வாறே நல்ல பேராசிரியர் முதல் பருவத்தில் கணினியை நம்புவதில்லை. கறுப்புக் காகிதத்தில் நான்கு சதுரங்களை வெட்டச் செய்து, வெள்ளைத் தாளில் அவற்றை அடுக்கி 'நெரிசல்', 'தனிமை', 'அமைதி' ஆகியவற்றைக் காட்டுமாறு பணிக்கலாம். இடைவெளியும் பேசும் என்பதை மாணவர் அப்போது உணர்வார். அடுத்து, மஹல்லாவின் ஓர் அறிவிப்பைக் கொடுத்து, நடந்து செல்பவர் மூன்று நொடிகளில் படிக்குமாறு அமைக்கச் சொல்லலாம். எதைப் பெரிதாக்குவது, எதை நீக்குவது என்ற போராட்டமே அங்குப் பாடம்.

நம் சுவரொட்டிகளைச் சற்றே உற்று நோக்குங்கள். வலமிருந்து இடமாக இணைந்து செல்ல வேண்டிய அரபு எழுத்துகள், தனித்தனியாகப் பிரிந்து தலைகீழ் வரிசையில் நிற்பதைப் பல ஃபிளெக்ஸ் பேனர்களில் காணலாம். அரபுக்கு ஏற்பாடில்லாத மென்பொருளில் ஒட்டியதன் விளைவு அது. ஆங்கிலத்திற்கு வகுத்த வரி இடைவெளியைத் தமிழுக்கும் வைத்தால், மேல்வரியின் 'கூ'வும் கீழ்வரியின் 'கீ'யும் மோதிக்கொள்கின்றன. திரையில் பளிச்சிட்ட பச்சை, திருமண அழைப்பிதழில் மங்கிவிடுகிறது. திரை, சிவப்பு, பச்சை, நீலம் என்னும் ஒளிகளைக் கலக்கிறது. அச்சோ மைகளைக் கலக்கிறது. இவற்றின் காரணம் அறிந்தவரே வடிவமைப்பாளர்.

இப்போது தாயின் கேள்விக்கு வருவோம். ஒரு காலத்தில் டி.டி.பி. சென்டர்களில் கோலோச்சிய பேஜ்மேக்கர், 2001இல் வந்த ஏழாம் பதிப்போடு நின்றுவிட்டது. இணையதளங்களை அசைவூட்டிய ஃபிளாஷ் மென்பொருளுக்கான ஆதரவு 2020 டிசம்பர் 31ஆம் நாளோடு முடிந்தது. பொத்தான்களை மட்டும் மனனம் செய்தவர் ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்க வேண்டியவராகிறார். விகிதத்தையும் முரணையும் வரிசையையும் கற்றவரோ, புதிய கருவியைச் சில வாரங்களில் வசப்படுத்திக்கொள்கிறார். மூன்று மாதத்திற்கும் மூன்றாண்டிற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

தந்தையின் அச்சம் இன்னும் ஆழமானது. உருவப்படம் குறித்து மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் எழுத்துருவாக்கம், பாடநூல் வடிவமைப்பு, வரைபடம், ஒலிப்பாடம் என இத்துறையின் வாயில்கள் பல. மேலும் ஒன்றை எண்ணிப் பாருங்கள். ஒரே ஒளிப்படத்தின் ஓரத்தை வெட்டினால், உதவ நீண்ட கை அடிக்க ஓங்கிய கையாகிவிடும். இல்லாத காட்சியையும் சொல்லாத சொல்லையும் கணினியே உருவாக்கும் காலம் இது. அத்தகைய படங்களால் பழி சுமப்பவர்களுள் நம் சமுதாயமும் இருக்கிறது; சரிபாராமல் அவற்றைக் கைப்பேசியில் பரப்புவோருள் நம்மவரும் இருக்கின்றனர். வந்த செய்தியை ஆராய்ந்து தெளியுமாறு அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் ஆறாம் வசனம் நமக்குக் கட்டளையிட்டிருக்க, படம் எவ்வாறு பொய் சொல்லும் என்பதை அறிந்த பிள்ளைகள் நம் வீட்டில் இருப்பது நன்மையா, இல்லாதிருப்பது நன்மையா? நம் கதையை நாம் சொல்லக் கல்லாவிடில், பிறர் சொல்வதே கதையாக நிலைத்துவிடும்.

ஆகவே பெற்றோர்களே, கல்லூரியின் கட்டடத்தையும் குளிரூட்டிய ஆய்வகத்தையும் கண்டு மயங்காதீர்கள். முதல் பருவத்தில் வரைதலும் உற்றுநோக்கலும் உண்டா? மாணவர் செய்ததை வகுப்பில் வைத்து, காரணம் கேட்டுத் திருத்துகிறார்களா? தமிழ் எழுத்தமைப்பைக் கற்பிக்கிறார்களா? ஊடகச் சட்டமும் அறமும் பாடமாக உள்ளனவா? இந்நான்கையும் கேளுங்கள். விலை உயர்ந்த கணினியை முதல் நாளே வாங்கித் தர வேண்டும் என்பதில்லை. பென்சிலும் தாளும் கத்தரிக்கோலும் தொடக்கத்திற்குப் போதும்.

காண்பதில் உண்மையையும், காட்டுவதில் நேர்மையையும் நம் இளைய தலைமுறைக்கு வல்ல அல்லாஹ் வழங்கி அருள்வானாக! ஆமீன்.